ஜெர்ஸியில் எழுதியிருந்த ஊர்

முப்பது வருஷம் ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு நான் துணி துவைத்திருக்கிறேன். கமிட்டியில் என் பேர் கிடையாது. குரூப் போட்டோ எதிலும் நான் இல்லை. ஆனால் எவன் விழுந்து புரண்டு ஆடுகிறான், எவன் பந்து பக்கமே போகாமல் நின்றுவிட்டு வருகிறான் என்பது கோச்சை விட எனக்கு நன்றாகத் தெரியும். ஜெர்ஸியை வாளியில் முக்கினால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளப்பின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அதில் முதலில் எங்கள் லைன் வரும், அடுத்து எங்கள் ஊர் மாரிகுப்பம் வரும், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான ஃபுட்பால் கிளப். லைன் என்றால் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். ஒருவன் எந்த லைனில் பிறந்தானோ அந்த லைன் கிளப்புக்குத்தான் சாகிறவரை ஆட வேண்டும். வீடு மாறிச் சுரங்கத்தின் மறுகோடியில் இருக்கிற பாலகாட் பக்கம் போனாலும் கிளப் மாறாது. என் நாத்தனார் புருஷன் மாமியார் வீட்டு லைனுக்கு எதிராக இரண்டு கோல் போட்டுவிட்டு, அங்கேயே மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர். மாமியார் குழம்பு ஊற்றினாராம், கறித்துண்டு ஒன்றுகூடப் போடவில்லையாம். அவர் அதைக் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மற்ற கிளப்புகளுக்குப் பேர் ஒரு இடத்தில் இருக்கும், ஆட்டம் ஒரு இடத்தில் இருக்கும். புனிதர் பேர் வைத்த கிளப் அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஆடியது. அம்மன் பேர் வைத்த கிளப் சர்ச் சுவர் ஓரமாக ஆடியது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் சொந்த ஊர்ப் பேரை வைத்துவிட்டுப் போன கிளப் ஒன்றும் இருந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அதில் ஆடிய ஒருவருக்கும் தெரியாது, கடலோரம் என்று மட்டும் சொல்வார்கள். நாங்கள் அவர்களைக் கேலி செய்யாத நாள் கிடையாது. பேரில் இருக்கிற ஊரிலேயே ஆடுகிற கிளப் எங்களுடையது என்று அப்படி ஒரு கர்வம்.

எங்கள் கிரவுண்டு லைனுக்குப் பின்னால் சயனைடு மேட்டுக்குக் கீழே இருக்கிறது. மில்லில் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண்தான் மலை மாதிரி குவிந்து சயனைடு மேடு ஆனது. காற்றடிக்கிற மாசங்களில் அந்தத் தூள் கிரவுண்டு முழுக்கப் படியும். அதனால் எங்கள் ஜெர்ஸி அலசிய தண்ணீர் எப்போதும் சாம்பல் கரைத்த மாதிரி இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றினால்தான் தெளியும். நான் திட்டிக்கொண்டே துவைப்பேன், ஆனால் வேறு யாரையும் துவைக்க விடமாட்டேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் கிளப்பில் லெஃப்ட் பேக். கல்யாணத்துக்கு மறுநாள் மேட்ச் என்று போனவர். அவரைப் பற்றி என் அம்மா அன்றைக்குச் சொன்னதை எழுத முடியாது. சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற கேஜில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், 2001-ல் சுரங்கத்தை மூடினதும் எல்லாரையும் போல பெங்களூருக்கு ரயில் ஏறினார். கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் செக்யூரிட்டி வேலை. விடியற்காலை போனால் வீடு திரும்ப இருட்டிவிடும். வாரத்தில் ஆறு நாள் அவர் யாரோ ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் அவராக இருந்தார்.

ஆடுகிற வயது போனபிறகு கோடு போடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் அதற்கு ஒரு முறை உண்டு. யாருடைய கிரவுண்டோ அவர்கள்தான் கோடு போட வேண்டும். போடுகிறவர் செருப்புப் போடக் கூடாது. நடு வட்டத்தை முடித்து அவர் கையிலிருக்கிற சுண்ணாம்பைத் தட்டும்வரை எதிர் டீம் உள்ளே கால் வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய டீமாக இருந்தாலும் வெளியே நிற்பார்கள். ஆறு நாள் அடுத்தவர்களுக்குக் கேட் திறந்துவிட்ட மனுஷனுக்கு ஏழாவது நாள் ஊரே காத்து நிற்கும். நான் துணி உலர்த்துகிற இடத்திலிருந்து அதைப் பார்ப்பேன். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும், வெளியே சொன்னதில்லை.

கோட்டுக்கென்று ஒரு தேங்காய்நார்க் கயிறு வைத்திருந்தார். ஆறு கஜத்தில் ஒரு முடிச்சு, நடு வட்டத்துக்குப் பத்தில் ஒன்று, பெனால்டிக்குப் பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று. எந்த முடிச்சு எது என்று தூரத்திலிருந்தே தெரிய, கிழிந்த பழைய ஜெர்ஸியிலிருந்து நீலத் துண்டுகளை வெட்டி ஒவ்வொன்றிலும் கட்டிக்கொடுத்தது நான்தான். வெயிலில் நீலம் வெளுத்தால் புதுசாகக் கட்டுவேன். பால்பவுடர் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சலித்த சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிற்றோரமாகத் தட்டித் தட்டிக்கொண்டு போவார். ஒரு கோடுகூடக் கோணியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் கேப்டன் ஆனான். அவனுக்குப் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பார்சல் குடோனில் வேலை, தங்குவதும் அங்கேயே ஒரு ரூமில். கிளப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பத்தில் இருந்தவர்கள் நாலு பேர். ஆள் போதாமல் குடோனில் கூட வேலை செய்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டான். பிறந்த லைன் பார்க்கிற வழக்கம் அதோடு போனது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை வந்தவன், நான் துணி ஊறவைக்கிற இடத்தில் வந்து நின்றான். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

“அம்மா, டீம பெங்களூர் லீக்ல சேத்துட்டோம். இனிமே எல்லா மேட்சும் அங்க டர்ஃப்லதான். இங்க ஆட மாட்டோம்.”

“அப்ப பேரு?”

“பேரு அதேதான்.”

“ஊர உட்டுட்டு பேர மட்டும் எடுத்துகினு போறீங்களா?”

“ஊர்ல ஆளு எங்கம்மா கீறாங்க? நாலு பேர வச்சிகினு இன்னா பண்றது?”

அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

“நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா திட்ட மாட்டாரு. சும்மா பாத்துகினே இருப்பாரு. என்னால அத தாங்க முடியாது.”

சரி, நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அந்த மாசம்தான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். பூமிக்கடியில் இழுத்த தூசி இத்தனை வருஷம் கழித்து நெஞ்சில் வேலையைக் காட்டியது. செக்யூரிட்டி வேலையையும் விட்டாகிவிட்டது. மனசுக்குக் கஷ்டம் தராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். இன்றைக்கு வேண்டாம், இருமல் அதிகம் என்பேன். நாளைக்கு வேண்டாம், இன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டார் என்பேன். சாதாரணமாக என் வாயில் எதுவும் நிற்காது. லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஒரு சேதி மட்டும் மூன்று மாசம் நின்றது.

அவருக்குச் சந்தேகம் வரவும் இல்லை. லீக்கில் சேர்ந்தது மட்டும் அவர் காதுக்கு வந்திருந்தது. இப்போதைக்கு மேட்செல்லாம் எதிர் டீம் கிரவுண்டில் நடக்கிறது, அதனால் பையன்கள் பெங்களூரிலேயே ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். சாயந்தரம் மகன் போனில் ஸ்கோர் சொல்வான். அவர் யார் கோல் போட்டது, எந்தக் காலால் போட்டது என்று விசாரிப்பார். மாசத்துக்கு ஒரு தடவை மகன் ஜெர்ஸிகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருவான். நான் முதல் தடவை வாளியில் முக்கினபோது தண்ணீரில் அந்தச் சாம்பல் நிறமே இல்லை. அடியில் கடுகு மாதிரி கறுப்பாக ஏதோ நிறையக் கிடந்தது. நசுக்கிப் பார்த்தேன், ரப்பர். டர்ஃப் என்கிற அந்தப் பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாக அதைத்தான் போட்டிருக்கிறார்களாம். அவர் பார்க்கிறதற்கு முன் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்துத் துவைத்தேன். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் துணி துவைக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தார். லீக்கில் மேட்ச் பட்டியல் அனுப்பியிருந்தார்கள்.

“இத பாரு. இந்த வாரம் நம்ம பேரு மொதல்ல கீது. நம்ம பேர மொதல்ல போட்டா நம்ம கிரவுண்டுதான?”

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

“ஆமா” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். நானே வாயைத் திறந்து சொன்னது. இன்றைக்கும் அரிசி களையும்போது கை நின்றுவிடுகிறது.

சனிக்கிழமை முழுக்கச் சுண்ணாம்பு சலித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. முடிச்சுகளில் நீலத் துணி வெளுத்திருக்கிறது, மாற்றிக்கொடு என்றார். மாற்றிக்கொடுத்தேன். அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டின்னையும் கயிற்றையும் முளைக்குச்சிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். டீ போட்டுக்கொடுத்தேன். நான் சர்ச்சுக்குப் போனேன்.

எங்கள் சர்ச் ஜன்னலிலிருந்து சயனைடு மேடு தெரியும். அதற்குக் கீழே அவர் குனிந்து நடந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பாட்டுப் பாட எழுந்தேன், கண் ஜன்னலிலேயே இருந்தது. பாவ அறிக்கை சொல்கிற இடம் வந்தது. சபையோடு சேர்ந்து முதல் வரி சொன்னேன். அதற்கு மேல் உட்கார முடியாமல், நடுவில் எழுந்து, எல்லாரும் பார்க்கப் பார்க்க வெளியே வந்து நேராகக் கிரவுண்டுக்கு நடந்தேன்.

அவர் முடித்திருந்தார். அவ்வளவு பெரிய கிரவுண்டு முழுக்க கலையாத வெள்ளைக் கோடு. நடு வட்டம் தட்டு கவிழ்த்து வரைந்த மாதிரி இருந்தது. இரண்டு பெனால்டி பெட்டி, நாலு மூலையில் நாலு கால் வட்டம். நெஞ்சில் மூச்சில்லாத மனுஷன் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாரோ. கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, உள்ளே வரப்பார்த்த ஆடுகளைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வெள்ளை.

“சர்ச்சு அதுக்குள்ள உட்டாச்சா? பசங்க இன்னும் வரல. ரயிலு லேட்டு போல கீது.”

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன், அவர் அழவில்லை.

“எத்தினி நாளா தெரியும் ஒனக்கு?”

“மூணு மாசமா.”

கிட்டே வந்த ஒரு ஆட்டைக் குச்சியால் விரட்டினார். பிறகு சொன்னார்.

“சாக்கடையில கறுப்பு கறுப்பா கெடந்துச்சு. அப்பவே எனக்கு இன்னாமோ மாதிரி இருந்துச்சு. நீ ஆமான்ன. அதான் வந்தேன்.”

அவர் என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

“அங்க யாரு கோடு போட்றாங்க?”

“யாரும் போடறதில்லங்க. தரையோட சேத்தே வச்சிருக்காங்களாம்.”

“மழ வந்தா?”

“போகாதாம்.”

அவர் தலையை ஆட்டினார். “அப்ப நல்லதுதான்” என்றார்.

கயிற்றை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். நான் எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஆடுகள் பார்த்துக்கொண்டே இருந்து, நாங்கள் கிரவுண்டை விட்டு வெளியே வந்ததும் உள்ளே போய்விட்டன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயந்தரம் மகன் போன் செய்தபோது, ஸ்கோர் என்ன என்று எப்போதும் போலவே கேட்டார். ஜெயித்துவிட்டார்கள். நல்லா ஆடுங்கப்பா என்றார். அவனிடமும் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடமும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், மாத்திரை என்றால் கையை நீட்டினார். கயிறு ஆணியில் மாட்டியபடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் மாதிரி கட்டிலிலேயே இருக்க ஆரம்பித்தார். அவருக்கு மிச்சம் இருந்த ஏழாவது நாளையும் நான் எடுத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் தங்கச்சி, அதெல்லாம் இல்லக்கா, அவருக்கு நெஞ்சுல தூசி என்பாள். தூசிதான். ஆனால் தூசி இருபது வருஷம் சும்மா இருந்ததே.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் போய்விட்டார்.

மறுநாள் காலை ரயிலில் டீம் மொத்தமும் வந்தது. எல்லாரும் ஜெர்ஸி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நீலமாக வரிசையில் நின்றார்கள். அதில் எங்கள் லைன் முகம் மூன்றோ நாலோதான். பெட்டியை மூடுவதற்கு முன் என்னைக் கொஞ்ச நேரம் தனியாக விட்டார்கள். நான் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து அவர் கால்மாட்டில் வைத்தேன். இனி இங்கே அதற்கு வேலை இல்லை, அவரோடு போகட்டும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. அந்த நீலத் துணியைத் தினமும் சுவரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடக்கம் முடிந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். டீமின் கோல்கீப்பர் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான். மணிப்பூர்க்காரன், என் மகனோடு குடோனில் வேலை. கன்னடமும் தமிழும் கலந்து பேசினான்.

“ஆன்ட்டி, ஸ்டேஷன்ல போர்டு பாத்தேன். மாரிகுப்பம் ஊரா? ஆறு மாசமா இந்த ஜெர்ஸி போட்றேன். யாரோ பெரியவர் பேருன்னு நெனச்சேன். கிளப் ஆரம்பிச்சவர் பேருன்னு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்வரைக்கும் வந்த வார்த்தையை அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவனைச் சொல்லி என்ன. அந்தத் துரையுடைய ஊர் எங்கே என்று தெரியாமல் ஆடியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே நாங்கள்.

“ஊருதான்பா. ரயிலு இதுக்கு மேல போவாது” என்றேன்.

“இங்க கிரவுண்டு இருக்கா?”

என் மகன் எழுந்தான். வாங்கடா, காட்றேன் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு லைனுக்குப் பின்னால் போனான். போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது எல்லாருடைய ஷூவும் சாம்பல் நிறத்தில் இருந்தது, கீப்பருடைய பேன்ட் முட்டியும்கூட. விழுந்து பார்த்திருப்பான். மகனுடைய முகம் அழுத முகம், ஆனால் அதில் ஏதோ வெளிச்சம் இருந்தது.

“அம்மா, எல்லாரும் பேசிட்டோம். வர்ற ஞாயித்துக்கெழம அப்பாக்காக இங்க வந்து ஒரு மேட்சு ஆட்றோம். எதிர் டீமும் வரேன்னுட்டாங்க. கோடு நானே போட்றேன். அளவெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா முடிச்சு இருக்குதுல்ல, அத பாத்துப் போட்டுடுவேன்.” வீட்டுக்குள் எட்டி, ஆணி இருக்கிற சுவரைப் பார்த்தான். “கயிறு எங்கம்மா?”

பையன்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கேயோ இருக்கும், தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு மூன்று மாசம் ஓட்டியிருக்கலாம்.

“அப்பாகூட பெட்டியில வச்சிட்டேன்பா” என்றேன். இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன்.